அப்பாவின் கல் பெட்டி: 47-ஆம் எண் நீல நிறக் கல் எதுவென்று சொல்ல முடியுமா?

தக்கலைக்காரி
சனி, காலை 9.40

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பா பூகோள ஆசிரியராக இருந்தவர். போன வருடம் தவறிவிட்டார். இந்த வாரம் தக்கலை வீட்டு மச்சை ஒதுக்கும்போது அவருடைய கல் பெட்டி கிடைத்தது. தேயிலை வரும் பழைய பலகைப் பெட்டி. அதற்குள் அட்டைத் தட்டுகள், ஒவ்வொரு தட்டிலும் பஞ்சு வைத்து கல். மொத்தம் அறுபத்து சொச்சம் இருக்கும். சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைத் திறந்து எனக்கும் அக்காவுக்கும் ஒவ்வொன்றாகக் காட்டுவார். பெயர்களைச் சொல்லுவார். எனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை, அதுதான் இப்போது மனசை அறுக்கிறது.

தாள் சீட்டுகளைக் கறையான் தின்றுவிட்டது. ஆனால் ஒவ்வொரு கல்லின் மூலையிலும் வெள்ளை பெயின்ட் ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் கறுப்பு மையால் எண் எழுதியிருக்கிறார். படிகாரம் போன்றது, அப்பளம் போலப் பிரியும் மைக்கா, சிவப்பு கார்னெட் எல்லாம் நானே ஓரளவு கண்டுபிடித்துவிட்டேன். 47-ஆம் எண் கல் மட்டும் பிடிபடவில்லை.

நீல நிறம். எல்லா இடத்திலும் ஒரே நீலம் இல்லை. நடுவில் பேனா மை போல அடர்த்தி, ஓரத்துக்கு வர வர வெளிறி சாம்பல் கலந்த வெள்ளை. நீளவாக்கில் கோடு கோடாக இருக்கிறது. ஒரு முனையில் வெள்ளையாகக் கொஞ்சம் வேறு கல் ஒட்டியிருக்கிறது. ஆறு சென்டிமீட்டர் நீளம், மூன்று அகலம், ஒன்றரை கனம். படம் இணைத்திருக்கிறேன், மழை மூட்டத்தில் எடுத்ததால் தெளிவாக வரவில்லை.

விற்கும் எண்ணம் இல்லை. பெயர் தெரிந்தால் போதும். புதுச் சீட்டு எழுதி வைக்க வேண்டும்.

குலசேகரம் ரப்பர்
சனி, காலை 10.05

முதல் வேலையாக, அதைத் தண்ணீரில் போட்டுக் கழுவிவிடாதீர்கள். ரப்பர் தோட்டத்தில் போர்டோ கலவைக்கு வாங்கும் துருசு, மயில்துத்தம் என்பார்களே, அதுவும் கட்டியாக இருக்கும்போது இப்படித்தான் அடர் நீலம். பள்ளிகளில் அதைப் படிகமாக வளர்த்துக் காட்டுவார்கள். தண்ணீரில் கரைந்தே போய்விடும். விஷமும் கூட. ஈரத் துணியால் ஒரு மூலையை மட்டும் துடைத்துப் பாருங்கள், துணியில் நீலம் ஏறினால் துருசு. கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

தக்கலைக்காரி
சனி, காலை 10.31

துடைத்துப் பார்த்தேன். துணியில் அழுக்குதான் வந்தது, நீலம் இல்லை. துடைத்த இடம் முத்துச்சிப்பி உள்பக்கம் போல மினுங்குகிறது. நன்றி அண்ணா.

ஈத்தாமொழி
சனி, காலை 11.12

நீலம் என்றால் சனி பகவானுக்கு உரியது. எங்கள் ஆச்சி நீலக்கல்லைச் சோதிக்காமல் வீட்டுக்குள் கொண்டுவரவே விடமாட்டார்கள், மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்க்கச் சொல்லுவார்கள். இத்தனை வருடம் உங்கள் வீட்டு மச்சில் இருந்திருக்கிறது. நல்லவரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள் அம்மா. உண்மையான நீலமாக இருந்தால் விலையும் சாதாரணம் இல்லை.

கோட்டாறு தராசு
சனி, பகல் 12.20

நான் பொன் வேலை செய்கிறவன், கல் பதிப்பதும் உண்டு. ஈத்தாமொழி அண்ணாச்சி சொல்லும் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் படத்தில் தெரிகிற வரையில் இது நீலமாக இருக்க வழியில்லை.

நீலமும் மாணிக்கமும் ஒரே ஜாதி, குருந்தம். கொரண்டம் என்று உலகமே சொல்லும் பெயர் நம் குருந்தத்தில் இருந்து போனதுதான். கடினத்தில் வைரத்துக்கு அடுத்தபடி, பத்துக்கு ஒன்பது. அந்தக் கல் இப்படிப் பட்டை பட்டையாக, சிராம்பு சிராம்பாகப் பிரிகிற ஜாதியே கிடையாது. இந்தக் கல்லின் முனையைப் பாருங்கள், விறகு பிளந்த இடம் போல இருக்கிறது. உள்ளே வெடிப்பும் தெரிகிறது. இதைப் பட்டை தீட்டப் போனால் கையோடு பிளந்துவிடும்.

இன்னொன்று. கல்லைப் பற்றி எழுதியதுமே உள்பெட்டியில் “நான் வாங்கிக்கொள்கிறேன்” என்று சிலர் வருவார்கள். பெயர் தெரியும் வரை யாரிடமும் கொடுக்க வேண்டாம் தங்கச்சி.

நாஞ்சில் தம்பி
சனி, பகல் 12.48

கயனைட்டாக இருக்குமோ?

பாறைமடை
சனி, மாலை 4.15

நான் புவியியல் படித்து, முப்பது வருடத்துக்கு மேல் கல்குவாரிகளிலும் ஆய்வுக் குழிகளிலும் நின்றவன். கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், படத்தை வைத்து நீலக் கல்லுக்குப் பெயர் சொல்லக் கூடாது. நிறம்தான் கல்லில் மிகவும் ஏமாற்றுகிற குணம். லாபிஸ் லசூலி, சோடலைட், அசூரைட், கார்டியரைட், கயனைட், நீல அபடைட், ஃப்ளூரைட், நீலக் குவார்ட்ஸ், ஏன் உலையில் உருகிய கண்ணாடிக் கசடு, எல்லாமே நீலமாக வரும். சோதித்துத்தான் சொல்ல வேண்டும். வீட்டிலேயே செய்யக்கூடியவை:

உரைத்துப் பார்ப்பது. மெருகு பூசாத பீங்கானில், டைல்ஸின் பின்பக்கம் அல்லது சாயாக் கோப்பையின் அடி விளிம்பில், கல்லை அழுத்தித் தேயுங்கள். விழும் தூளின் நிறத்தைப் பாருங்கள். அசூரைட்டும் லாபிஸும் நீலத் தூள் விடும். மற்றவை வெள்ளை.

கீறிப் பார்ப்பது. வெளியே தெரியாத ஓரத்தில் கத்தி முனையால் கீறவும். அப்புறம் விரலில் எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்க்கவும், கோடு அழிந்தால் அது கத்தியின் இரும்பு, அழியாவிட்டால் கல்லின் காயம்.

எடை பார்ப்பது. இதை நகைக்கடைத் தராசில் பார்க்க வேண்டும், கோட்டாறு அண்ணாச்சி முறை சொல்லுவார்.

என் ஊகத்தையும் சொல்கிறேன். நம் குமரி மாவட்டத்தின் அடித்தளம் சார்னகைட், கார்னெட் கலந்த நைஸ், கொண்டலைட் என்ற, ஆழத்தில் சூட்டாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறைகள். சார்னகைட் என்ற பெயரே, கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக்கு வைத்த கல்லைப் பார்த்து 1893-ல் ஹாலந்து என்ற புவியியலாளர் வைத்தது. அந்தக் கல் போனது நம் சென்னைப் பக்கத்தில் இருந்துதான் என்று அவர் கருதினார். இந்தப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பூமியின் ஆழத்தில் வெந்தவை. அப்படி வெந்த பாறையில் இயல்பாக வரும் நீலக் கனிமம் கார்டியரைட். வடக்கே அச்சன்கோவில் மண்டலத்தில் கார்டியரைட் நைஸ் நிறையவே உண்டு. திருவனந்தபுரம் பக்கமும் உண்டு. கரூர், காங்கேயம் பக்கம் அதையே அயோலைட் என்று மணிக்கல்லாக விற்கிறார்கள். உங்கள் அப்பா இங்கேயே சுற்றிப் பொறுக்கியவர் என்றால் பெரும்பாலும் அதுதான்.

தம்பி சொன்ன கயனைட் நம் பக்கத்துப் பாறைக்குப் பொருந்தாது.

கார்டியரைட்டுக்கு ஒரு அழகான சோதனை இருக்கிறது. ஒரு பக்கம் வைத்துப் பார்த்தால் ஊதா நீலம், திருப்பி வேறு பக்கம் பார்த்தால் வைக்கோல் மஞ்சள் அல்லது கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் போகும். லேப்டாப்பில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதன்முன் கல்லின் மெல்லிய ஓரத்தைப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். திரையில் இருந்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வது, அதனால் மாற்றம் நன்றாகத் தெரியும்.

தக்கலைக்காரி
சனி, இரவு 8.55

பாறைமடை சார், இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. செய்ததைச் செய்தபடி எழுதுகிறேன்.

கோப்பை அடியில் தேய்த்தேன். தூள் வெள்ளை.

கத்தியால் ஓரத்தில் கீறினேன். கோடு விழுந்தது. துடைத்தும் போகவில்லை. அக்கா மகன் “நான் பார்க்கிறேன் சித்தி” என்று வாங்கி இன்னொரு இடத்தில் கீறினான். அவன் நன்றாக அழுத்தியும் விழவில்லை, சாம்பல் கோடு மட்டும் வந்தது, துடைத்ததும் போய்விட்டது. மறுபடியும் நான் கீறினால் விழுகிறது. எதை எழுதுவது என்று தெரியவில்லை.

திரைமுன் சுற்றியபோது அடர் நீலம் வெளிறிய நீலமாக மாறியது. மாறுவது உண்மை, நன்றாகவே தெரிந்தது.

பாறைமடை
சனி, இரவு 9.20

நிறம் மாறுகிறது என்றால் கார்டியரைட்டுக்கு ஒரு படி நெருங்கிவிட்டோம். கீறல் விஷயம், நீங்கள் கீறிய இடம் அழுகிப் பொடிந்த மேல்தோலாக இருக்கும். புதிய முகத்தில் கீறியது பையனாக இருக்கும். எடையைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.

மார்த்தாண்டம் கடை
சனி, இரவு 9.47

சோடலைட் என்றால் புற ஊதா விளக்கில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் என்று படித்திருக்கிறேன். எல்லாக் கல்லும் ஒளிராது, ஆனாலும் பார்த்துவிடலாம். கள்ளநோட்டு பார்க்கும் சின்ன டார்ச் எந்தக் கடையிலும் இருக்கும், விளக்கை அணைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். அக்கா, கண்ணாடிக் கசடு என்றால் லென்ஸில் பார்த்தால் உள்ளே காற்றுக் குமிழி வட்ட வட்டமாகத் தெரியும். அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

கோட்டாறு தராசு
ஞாயிறு, காலை 7.30

எடை முறை இதுதான். தராசில் முதலில் கல்லை மட்டும் வைத்து எடை எடுக்கவும். அப்புறம் ஒரு டம்ளரில் பாதிக்கு மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்ஜியம் ஆக்கிவிடவும். கல்லை மெல்லிய நூலில் கட்டி, கையால் பிடித்து, முழுதும் தண்ணீரில் முங்கும்படி இறக்கவும். தராசு ஒரு எண் காட்டும். அது கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை. முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்தால் கல்லின் அடர்த்தி. சுத்தத் தங்கம் 19.3 வரும். சாதாரணக் குவார்ட்ஸ் 2.65.

எங்கள் அப்பா தராசுத் தட்டுக்கு மேல் ஒரு சின்ன மரப் பாலம் போட்டு இதையே செய்வார், டிஜிட்டல் தராசு வந்த பிறகு இது நிமிஷ வேலை.

தக்கலைக்காரி
ஞாயிறு, பகல் 1.10

தெரிந்த கடையில் தராசு கொடுத்தார்கள். கல் 86.4 கிராம். தண்ணீரில் இறக்கியபோது 41.0. வகுத்தால் 2.1 வருகிறது. டார்ச்சும் அடித்துப் பார்த்தேன், ஒளிரவில்லை. லென்ஸில் குமிழி ஒன்றும் இல்லை, மெல்லிய பட்டைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன.

மார்த்தாண்டம் கடை
ஞாயிறு, பகல் 1.26

2.1 என்றால் சோடலைட்டுக்குத்தான் கிட்ட வருகிறது. அது 2.3 வரை. ஒளிராத சோடலைட்டும் உண்டு.

கோட்டாறு தராசு
ஞாயிறு, பகல் 2.02

தங்கச்சி, 2.1 நம்பும்படியாக இல்லை. கையில் எடுத்தபோது அது கனமாக இருந்ததா, லேசாக இருந்ததா? ஆறு, மூன்று, ஒன்றரை என்று நீங்கள் முதலில் எழுதிய அளவைப் பெருக்கினால் 27 கன சென்டிமீட்டர். கல் செங்கல் போல முழுச் சதுரமாக இருந்தால் கூட 27-தான். 41 எப்படி வரும்? கல் டம்ளரின் அடியைத் தொட்டிருக்கிறது. தொட்டால் கல்லின் சொந்த எடையும் தட்டில் ஏறிவிடும். டம்ளர் பக்கச் சுவரிலும் படக்கூடாது. இன்னொரு முறை பாருங்கள். கல்லில் ஒட்டிய காற்றுக் குமிழியையும் விரலால் தட்டி விட்டுவிடுங்கள்.

தக்கலைக்காரி
ஞாயிறு, மாலை 5.35

நீங்கள் சொன்னதுதான் சரி அண்ணா. நூல் நீளமாகப் போய்விட்டது, கல் ஒரு முனையில் நின்றிருக்கிறது. இந்தத் தடவை மூன்று முறை எடுத்தேன். 24.2, 24.4, 24.3. ஆக 3.55 வருகிறது.

கையில் எடுத்தால் கனம்தான். பக்கத்துத் தட்டில் இருக்கும் வெள்ளைக் குவார்ட்ஸ் இதைவிடப் பெரியது, ஆனால் கையில் இதுதான் இறங்குகிறது.

பாறைமடை
ஞாயிறு, மாலை 6.10

அப்படியென்றால் நான் சொன்னது தவறு. கார்டியரைட் 2.6-ஐத் தாண்டி அதிகம் போகாது. 3.55 வரவே வராது. இந்த ஒரு எண்ணோடு சோடலைட், லாபிஸ், கண்ணாடிக் கசடு, நீலக் குவார்ட்ஸ், ஃப்ளூரைட், அபடைட் எல்லாமே விலகிவிட்டன. நீலம் 4.0, அது மேலே நிற்கிறது. அசூரைட் 3.8 இருக்கும், ஆனால் அதன் தூள் நீலம், பக்கத்தில் பச்சையும் படிந்திருக்கும்.

நாஞ்சில் தம்பியின் ஒரு வரியை நான் சரியாகக் கேட்காமல் போய்விட்டேன். தம்பி, நீங்கள் எதை வைத்துச் சொன்னீர்கள்?

நாஞ்சில் தம்பி
ஞாயிறு, மாலை 6.38

சார், நான் இரண்டாம் வருடம்தான் படிக்கிறேன், அதனால் தயங்கினேன். அக்கா “நீளவாக்கில் கோடு” என்றும் நடுவில் அடர்த்தி, ஓரத்தில் வெளிறல் என்றும் எழுதியதை வைத்துத்தான். எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் கயனைட் அப்படியேதான் இருக்கும்.

ஆனால் நேற்று இரவு அக்கா எழுதிய கீறல் விஷயம்தான் எனக்கு உறுதியாகத் தோன்றியது. அக்கா எந்தத் திசையில் கீறினீர்கள், பையன் எந்தத் திசையில் கீறினான் என்று சொல்ல முடியுமா? கோட்டோடு கோடாகவா, கோட்டுக்குக் குறுக்கேயா?

கயனைட்டுக்கு ஒரே கல்லில் இரண்டு கடினம். நீளவாக்கில் 4.5 முதல் 5 வரை, கத்திக்குப் பணியும். குறுக்கே 6.5 முதல் 7 வரை, கத்தி தோற்கும். அதனால்தான் பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு டிஸ்தீன் என்று பெயர் வைத்தார்கள், கிரேக்கத்தில் இரு வலிமை என்று பொருள். கயனைட் என்பது வெர்னர் 1789-ல் வைத்த பெயர், அது நீலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது.

தையல் ஊசி இருந்தால் அதிலேயே பார்க்கலாம் அக்கா. ஒரே தட்டையான முகத்தில், ஒரே அழுத்தத்தில், நீளவாக்கில் ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. எண் எழுதிய பக்கம் வேண்டாம்.

தக்கலைக்காரி
ஞாயிறு, இரவு 8.20

தம்பி, இப்போதுதான் செய்தேன். கை நடுக்கத்தோடு எழுதுகிறேன்.

அப்பாவின் மேசை விளக்குக்குக் கீழே வைத்து, கோணி தைக்கும் பெரிய ஊசியை எடுத்தேன். நீளவாக்கில் இழுத்தபோது ஊசி இறங்கியது. மெழுகில் நகம் போவது போல அவ்வளவு எளிதாக இல்லை, ஆனால் இறங்குவது விரலுக்குத் தெரிந்தது. பின்னாலேயே மாவு போல வெள்ளைப் பொடி. ஊதிவிட்டுப் பார்த்தால் மெல்லிய கோடு. கல்லைத் திருப்பி, அதே முகத்தில் குறுக்கே இழுத்தேன். ஊசி வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மறுபடியும் அழுத்தினேன். கீச்சென்று சத்தம் வந்ததே தவிரக் கல்லில் ஒன்றும் இல்லை. ஊசி முனைதான் மழுங்கியது.

பையன் குறுக்கேதான் கீறியிருக்கிறான். கேட்டேன், அவனே செய்து காட்டினான். நான் கோட்டோடு கோடாகக் கீறியிருக்கிறேன். இரண்டு பேர் சொன்னதும் உண்மையாக இருந்திருக்கிறது.

பாறைமடை
ஞாயிறு, இரவு 8.41

கயனைட். சந்தேகமே இல்லை. அடர்த்தி 3.53-ல் இருந்து 3.67 வரை இருக்கும், ஒரு முனையில் ஒட்டியிருக்கும் வெள்ளைக் குவார்ட்ஸ் உங்கள் எண்ணைக் கொஞ்சம் கீழே இழுத்திருக்கும். திரைமுன் சுற்றியபோது மஞ்சள் வந்ததா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கயனைட்டும் லேசாக நிறம் மாறும், அடர் நீலத்துக்கும் வெளிர் நீலத்துக்கும் நடுவில் மட்டும். நீங்கள் எழுதியதும் அதேதான், நான்தான் எனக்கு வேண்டியதைப் படித்துக்கொண்டேன். வாழ்த்துகள் தம்பி.

ஆனால் ஒன்றை மறுபடியும் சொல்கிறேன், இது நம் பக்கத்துக் கல்லாக இருக்காது என்ற என் எண்ணம் மாறவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

அலுமினியம், சிலிக்கன், ஆக்சிஜன் மூன்றும் ஒரே கணக்கில் சேர்ந்து மூன்று வேறு கனிமங்கள் ஆகின்றன. கயனைட், ஆண்டலூசைட், சில்லிமனைட். சேர்மானம் துளியும் மாறாது, உள்ளே அடுக்கப்பட்டிருக்கும் விதம்தான் வேறு. அழுத்தம் கூடுதலாக இருந்தால் நெருக்கி அடுக்கி கயனைட், அதனால்தான் 3.6 கனம். அழுத்தம் குறைவென்றால் ஆண்டலூசைட், 3.15. சூடு கூடினால் சில்லிமனைட், 3.24. நம் பாறைகள் 800 டிகிரிக்கு மேல் வெந்தவை. ஆகவே அதே சரக்கு இங்கே சில்லிமனைட்டாகத்தான் இருக்கிறது. மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் என்ற கனிமங்களோடு சில்லிமனைட்டும் கலந்திருக்கிறது, அது இந்த மலைகளில் இருந்து ஆறு அரித்துக் கொண்டுபோய்க் கடலில் சேர்த்தது.

அதனால் 47-ஆம் எண் எங்கிருந்தோ வந்திருக்கிறது. ஏடு ஏதாவது இருக்கிறதா?

குலசேகரம் ரப்பர்
ஞாயிறு, இரவு 9.15

மணவாளக்குறிச்சி என்றதும் ஒன்று. பெட்டியில் குப்பியில் அடைத்த மணல் எதுவும் இருக்கிறதா? நம் ஊர்க்காரர் சேர்த்த பெட்டி என்றால் கட்டாயம் இருக்குமே.

தக்கலைக்காரி
ஞாயிறு, இரவு 9.28

மருந்துக் குப்பி நான்கு இருக்கிறது. ஒன்றில் கறுப்பு, ஒன்றில் சிவப்பு, ஒன்றில் இரண்டும் கலந்தது, ஒன்றில் தேன் நிற மணல் பாதிக் குப்பி. கன்னியாகுமரியில் தாளில் மடித்து விற்பார்களே, அது மாதிரி.

ஏடு இருந்தது. ஒரு நீளமான கணக்கு நோட்டு. அக்கா கல்யாணமாகிப் போகும்போது ஆசைப்பட்டு எடுத்துப்போனாள். நாளை தேடிப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

பாறைமடை
ஞாயிறு, இரவு 9.50

தேன் நிறக் குப்பியைக் கவனமாக வையுங்கள். மோனசைட்டாக இருக்கலாம். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரில் இருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் அதைக் கண்டார். அந்தக் காலத்தில் கேஸ் விளக்கு மேன்டிலுக்குத் தோரியம் வேண்டியிருந்தது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, கதிரியக்கம் உள்ளது. பாதிக் குப்பிக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் மூடியை இறுக்கி, படுக்கும் அறையில் இல்லாமல் தள்ளி வைக்கவும். கொட்டிப் பரப்பி விளையாடவோ, பொடி செய்யவோ வேண்டாம். பையன் கையில் கொடுக்க வேண்டாம்.

ஈத்தாமொழி
திங்கள், காலை 6.50

நீலம் இல்லை என்று தெரிந்ததில் எனக்கும் ஒரு நிம்மதி. கயனைட் என்ற கல்லை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். இதனால் என்ன பயன் என்று யாராவது சொல்லுங்கள்.

நாஞ்சில் தம்பி
திங்கள், காலை 8.05

அண்ணாச்சி, முக்கியமாக உலைக்குத்தான். கயனைட்டை 1300 டிகிரி பக்கம் சூடாக்கினால் முல்லைட் என்ற வேறு பொருளாக மாறும், மாறும்போது வீங்கும். அதனால் முதலிலேயே சுட்டு வீங்கவைத்துவிட்டு, அப்புறம் உலைச் செங்கல் செய்வார்கள். அந்தச் செங்கல் இரும்பு, கண்ணாடி உருக்கும் சூட்டைத் தாங்கும். ஸ்பார்க் பிளக்கில் இருக்கும் வெள்ளைப் பீங்கானுக்கும் கயனைட் பயன்பட்டிருக்கிறது. நல்ல தெளிவான நீலக் கல் கிடைத்தால் மணிக்கல்லாகவும் தீட்டுவார்கள், ஆனால் கோட்டாறு அண்ணன் சொன்ன மாதிரி பிளந்துவிடும் ஆபத்து அதிகம்.

தக்கலைக்காரி
திங்கள், மாலை 7.12

அக்கா நோட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். அங்கேயும் கறையான் விடவில்லை, பக்கத்தின் இடது ஓரம் போய்விட்டது. 47-க்கு நேரே மிச்சம் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். புள்ளி வைத்த இடமெல்லாம் ஓட்டை.

“... னைட். ... சா புரு, பீகார். பதிலுக்கு கு.மரி சிவப்பு ம ... 2 குப்பி, தபாலில்.”

அப்பாவின் கையெழுத்து. “புரு” என்பதற்குக் கீழே கோடு போட்டிருக்கிறார். என்ன ஊர் இது?

பாறைமடை
திங்கள், மாலை 7.30

லப்சா புரு! சிங்பூமில் இருக்கும் கயனைட் சுரங்கம். ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய கயனைட் படிவு என்று எங்கள் பாடப்புத்தகத்தில் எல்லாம் அதுதான் இருந்தது. புரு என்றால் அந்தப் பக்கத்து மக்கள் மொழியில் மலை. இப்போது அது ஜார்க்கண்ட், 2000 நவம்பரில் பிரிந்தது. பீகார் என்று எழுதியிருப்பதால் அதற்கு முன்னால் வந்த கல்.

அப்போது கல் சேர்ப்பவர்கள் தபாலில் மாற்றிக்கொள்வது வழக்கம். அங்கே யாரோ ஒருவருக்கு உங்கள் அப்பா கன்னியாகுமரி கார்னெட் மணல் இரண்டு குப்பி அனுப்பியிருக்கிறார். அந்தச் சிவப்பு மணலை லென்ஸில் பார்த்தால் நடுவில் நிறமில்லாத ஊசி ஊசியான மணிகள் அங்கங்கே கிடக்கும், சில்லிமனைட். அவருக்குத் தெரிந்தே அனுப்பினாரோ என்னவோ, கயனைட்டுக்குப் பதிலாகப் போனதிலும் அதே சரக்குதான் கொஞ்சம் போயிருக்கிறது.

தக்கலைக்காரி
திங்கள், இரவு 9.05

சார், இதைப் படித்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் சாக்குத் துணி தைத்த சின்னப் பொட்டலம் வந்ததாம், தபால்காரர் “சாரே, கல்லா அனுப்பியிருக்காங்க?” என்று கேட்டாராம். அப்பா சாயா குடிக்காமல் அதைப் பிரித்துக்கொண்டே இருந்தாராம். எனக்கு அப்போது மூன்று வயது இருக்கும் என்கிறாள்.

சீட்டை இப்படி எழுதலாமா, பார்த்துச் சொல்லுங்கள்:

“47. கயனைட், குவார்ட்ஸ் ஒட்டியது. லப்சா புரு, சிங்பூம். அன்று பீகார், இன்று ஜார்க்கண்ட். எடை 86.4 கிராம், அடர்த்தி 3.55. தபால் மாற்று.”

கோட்டாறு தராசு
திங்கள், இரவு 9.22

நன்றாக இருக்கிறது தங்கச்சி. சாதா பேனா வேண்டாம், மங்கிவிடும். பென்சிலில் எழுதுங்கள். கல்லில் இருக்கும் அப்பாவின் எண்ணைச் சுரண்டிவிடவோ புதிதாக எழுதவோ வேண்டாம். நோட்டும் கல்லும் அந்த எண்ணால்தான் சேர்ந்தன.

நாஞ்சில் தம்பி
திங்கள், இரவு 9.40

அக்கா, தட்டில் பஞ்சுக்குப் பதிலாகக் கெட்டியான ஸ்பாஞ்சு வெட்டி, கல்லின் நீளம் முழுவதும் தாங்கும்படி வையுங்கள். விழுந்தால் நீளவாக்கில் பிளக்கும். 46-க்கும் 48-க்கும் நோட்டில் என்ன இருக்கிறது? படம் போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.

தக்கலைக்காரி
திங்கள், இரவு 10.02

46 “வெட்டுகல், வேளிமலை அடிவாரம்” என்று முழுசாக இருக்கிறது. 48-ல் “காங்கேய ...” மட்டும் தெரிகிறது, கல் இளம்பச்சை நீலம், ஆறு பக்கம் உள்ள பென்சில் துண்டு மாதிரி. தராசு நாளையும் கிடைக்கும். புது இழை தொடங்குகிறேன், எல்லோரும் வாருங்கள்.